நடன இசைப் பதிவுகளில் கோரஸ் பாடுவோர்: கேள்வி பதில்

சேலத்து மெல்லிசைக் குழுக்களில் பாடத் தொடங்கி, பிறகு சென்னையிலும் கோவையிலும் உள்ள ஒலிப்பதிவுக் கூடங்களில் கோரஸும் டிராக்கும் (முதன்மைப் பாடகர் வரும்வரை வழிகாட்டியாகப் பாடி வைக்கும் பதிவு) பாடுவதையே தொழிலாகக் கொண்டவள் நான். நம் பக்கத்து இளம் பாடகர்கள் அனுப்பியிருக்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். என் தொழிலுக்குள் வருபவற்றுக்கு விரிவாகவும், மற்றவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் இருக்கும்.

அம்மாபேட்டை, கல்லூரி மாணவி: அக்கா, மேடையில் தனியாகப் பாடினால் பாராட்டுகிறார்கள். கோரஸ் பதிவுக்குப் போனால் மட்டும் "உங்கள் குரல் தனியாகத் தெரிகிறது" என்று சொல்லிவிடுகிறார்கள். என்ன குறை?

குறை ஒன்றும் இல்லை. மேடையில் உங்களுக்குக் கைதட்டல் வாங்கித் தரும் கமகமும் குரலசைவும்தான் கோரஸில் உங்களைக் காட்டிக்கொடுக்கின்றன. நான்கு பேர் ஒரே ஸ்வரத்தில் நிற்கும்போது ஒருவர் மட்டும் குரலை அசைத்தால், அந்த ஸ்வரமே கலங்கியதுபோல ஆகிவிடும். ஆகவே கோரஸில் நீட்டும் ஸ்வரங்களை அசைவில்லாமல் நேராகப் பிடிக்கப் பழகுங்கள்.

அடுத்தது காலம். நடன இசை, அதாவது மேற்கத்திய பாணியில் ஆடுவதற்கான துள்ளல் இசை, பெரும்பாலும் நிமிடத்துக்கு 120 முதல் 128 தட்டுகள் வேகத்தில் ஓடுகிறது. 120 என்றால் ஒரு தட்டுக்கு அரை வினாடிதான். மெல்லிசைப் பாடலில் சற்றுப் பின்தங்கிப் பாடுவது அழகாக இருக்கலாம். இங்கே அது பிசகாகத்தான் கேட்கும். சொற்களின் தொடக்கத்தையும் முடிவையும் சேர்ந்து பாடுவோர் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். "ஆட்டம்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பேரும் "ட்ட" ஒலியை அழுத்தினால் நான்கு தனித்தனி வெடிப்புகள் பதிவாகும். ஒருவர் மட்டும் அழுத்த, மற்ற மூவரும் நாக்கை மெல்லத் தொட்டுவிட்டு உயிரொலிக்குப் போய்விட வேண்டும். "ம்" வரும்போது எந்தத் தட்டில் உதடுகள் மூட வேண்டும் என்பதையும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

அதே வரியை மறுபடி மறுபடி பாடச் சொல்லி, ஒரு பதிவை (டேக்) இடப்பக்க ஒலியாகவும் இன்னொன்றை வலப்பக்க ஒலியாகவும் வைப்பார்கள். இரண்டாவது டேக்கில் மூச்சு எடுக்கும் இடம்கூட முதல் டேக்கைப் போலவே இருக்க வேண்டும். கைபேசியில் ஒரு வரியைப் பதிவு செய்து, அதை ஒரு காதில் மட்டும் கேட்டபடி அதன்மேல் மறுபடி பாடிப் பாருங்கள். இரண்டு குரல்களும் ஒன்றாகிவிட்டால் உங்களை யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

கொண்டலாம்பட்டி, தறி வைத்திருக்கும் குடும்பத்துத் தம்பி: வீட்டிலேயே பதிவு செய்து அனுப்பச் சொல்கிறார்கள். தறிச் சத்தத்தை எப்படித் தடுப்பது?

தறியின் அடிச்சத்தம் சுவரையும் தரையையும் பிடித்துக்கொண்டே வருவது. பஞ்சு ஒட்டிய பலகைகள் அதைத் தடுக்கமாட்டா, அறைக்குள் எழும் எதிரொலியை மட்டுமே குறைக்கும். தறி ஓடாத நேரத்தில் பாடுவதே ஒரே வழி. மைக் ஸ்டாண்டின் அடியில் தடித்த ரப்பர் வைத்து, துணிகள் நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து, அதற்கு முதுகு காட்டி நின்று பாடுங்கள். அனுப்பும் கோப்பில் எக்கோ எதையும் சேர்க்காதீர்கள்.

சூரமங்கலம்: சென்னையில் கோரஸ் வாய்ப்பு எப்படிக் கிடைக்கும்?

கோரஸுக்கு ஆள் சேர்ப்பவர் இசையமைப்பாளர் அல்லர். அவரிடம் பணிபுரியும் ஒருங்கிணைப்பாளர்தான் குரல்களைத் தேர்ந்தெடுத்துக் கால்ஷீட் சொல்வார். அவருக்கு ஒரு நிமிடத்துக்கு மேற்படாத ஒலிக்கோப்பு ஒன்றை அனுப்புங்கள். அதில் ஒரே வரியை மூல ஸ்வரத்திலும், மேல் ஹார்மனியிலும், கீழ் ஹார்மனியிலும் (மெட்டோடு இணைந்து அதற்கு மேலும் கீழும் ஒலிக்கும் ஸ்வரங்கள்) பாடியிருங்கள். முழுப் பாடலை அனுப்பினால் கேட்க அவருக்கு நேரம் இருக்காது. வாய்ப்பு வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். வாய்ப்பு வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, பாடுவதற்கு முன்பே பெயர் எங்கே, எப்படி வரும் என்பதை எழுத்தில் வாங்குவது. இதை இன்னும் பல பதில்களில் சொல்லப்போகிறேன்.

அஸ்தம்பட்டி: மார்த்தா வாஷ் என்ற பெயரை அடிக்கடி குறிப்பிடுகிறீர்கள். அவர் யார்?

நடன இசையில் கோரஸ் பாடும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய பெயர் அது. 1970-களின் இறுதியில் அமெரிக்கப் பாடகர் சில்வெஸ்டருக்குப் பின்னால் நின்று கோரஸ் பாடியவர் மார்த்தா வாஷ். பிறகு தம் தோழி ஐசோரா ஆர்ம்ஸ்டெடுடன் சேர்ந்து "வெதர் கேர்ள்ஸ்" என்ற பெயரில் 1982-இல் புகழ் பெற்றார். அந்தப் பத்தாண்டின் முடிவில் ஒலிப்பதிவுக் கூடங்களுக்குப் போய்க் கூலிக்குப் பாடிக் கொடுத்தார். இத்தாலியக் குழுவான பிளாக் பாக்ஸின் முதல் இசைத்தொகுப்பில் பல பாடல்கள் அவர் குரல்தான். காணொளியிலும் மேடையிலும் வாயசைத்தவரோ கேத்ரின் கினோல் என்ற பிரெஞ்சு மாடல். அடுத்து சி அண்ட் சி மியூசிக் ஃபேக்டரி என்ற அமெரிக்கக் குழுவின் பாடல் ஒன்று 1991-இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அந்தப் பாடலில் நடனமாட அழைக்கும் முழக்கமும் மார்த்தா வாஷுடையதே. காணொளியில் வாயசைத்தவர் ஸெல்மா டேவிஸ்.

மார்த்தா வாஷ் வழக்குத் தொடுத்தார். 1994-இல், சி அண்ட் சி பாடலை வெளியிட்ட சோனி நிறுவனத்துடன் உடன்பாடு ஏற்பட்டபோது, குரல் மார்த்தா வாஷுடையது, தோற்றம் ஸெல்மா டேவிஸுடையது என்ற குறிப்பைக் காணொளியில் சேர்க்கும்படி அந்த நிறுவனமே எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சியைக் கேட்டுக்கொண்டது. அதே ஆண்டில் அதே குழுவுக்காகத் தம் பெயரோடும் தம் முகத்தோடும் மறுபடியும் பாடினார். பாடியவரின் பெயரை உறையில் அச்சிடும் வழக்கம் அமெரிக்காவில் உறுதிப்பட்டதற்கு அவருடைய வழக்குகள் முக்கியக் காரணம்.

ஏற்காடு சாலை, மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவுக்குப் பக்கத்திலிருந்து ஓர் அண்ணன்: இதில் என்னம்மா தப்பு? நம் ஊரில் 1935-இலேயே டி.ஆர். சுந்தரம் ஸ்டுடியோ தொடங்கினார். நம் சினிமாவில் ஒருவர் பாட இன்னொருவர் வாயசைப்பதை யாரும் மோசடி என்று சொல்வதில்லையே?

அண்ணா, மிக நல்ல கேள்வி. வாயசைப்பதில் எந்தத் தவறும் இல்லை. நடிகை நடிக்கிறார், பாடகி பாடுகிறார் என்பது நம் ரசிகர் ஒவ்வொருவருக்கும் தெரியும். இசைத்தட்டிலும் டைட்டிலிலும் வானொலியிலும் இருவர் பெயரும் தனித்தனியே வருகின்றன. ஆனால் அந்த நிலை தொடக்கத்திலிருந்தே இருந்தது என்று நினைக்காதீர்கள். 1949-இல் வெளிவந்த மஹல் என்ற இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாடல் இசைத்தட்டில் முதலில் அச்சாகியிருந்த பெயர் "காமினி". அது படத்தில் வரும் பாத்திரத்தின் பெயர். பாடியவர் யார் என்று நேயர்கள் வானொலிக்கு எழுதிக் கேட்ட பிறகே லதா மங்கேஷ்கரின் பெயர் வெளியே வந்தது. நம் பின்னணிப் பாடகர்களும் பெயரைப் போராடித்தான் பெற்றார்கள். பிளாக் பாக்ஸ் விஷயத்தில், மேடையில் நின்றவரே பாடியவர் என்று மக்களை நம்பவைத்தார்கள். நான் எதிர்ப்பது அதை மட்டுமே.

ஆத்தூர்: அந்த அண்ணன் சொல்வதுதான் சரி. மார்த்தா வாஷ் பேசிய கூலியை வாங்கிவிட்டார். கூலி வாங்கிய பிறகு உரிமை கேட்பது முறையா?

கூலி கொடுத்தது எதற்கு என்பதைப் பார்க்க வேண்டும். மாதிரிக்குப் பாடிக் கொடுங்கள் என்று சொல்லி வாங்கிய குரலை விற்பனைக்கு வெளியிட்டால், பேசிய வேலை வேறு, நடந்த வேலை வேறு. இன்னொரு எடுத்துக்காட்டும் தருகிறேன். 1973-இல் பிங்க் ஃப்ளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவுக்காகக் க்ளேர் டோரி என்ற பாடகி ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பதிவுக்கு 30 பவுண்டு கூலி வாங்கினார். சொற்களே இல்லாத அந்தப் பகுதியின் மெட்டை அங்கேயே நின்று அவரே கற்பனை செய்து பாடினார். மெட்டமைத்ததில் தமக்கும் பங்கு உண்டு என்று 2004-இல் வழக்குத் தொடுத்தார். 2005-இல் சமரசம் ஆகி, இப்போது மெட்டில் பங்கு பெற்றவராக அவர் பெயரும் இடம்பெறுகிறது. "அக்கா, இந்த இடத்தில் சும்மா ஒரு ஹம்மிங் போடுங்கள்" என்று கூடத்தில் சொல்லும்போதெல்லாம் எனக்கு அவர்தான் நினைவுக்கு வருகிறார். எழுதிக் கொடுத்த ஸ்வரத்தைப் பாடுவது ஒரு வேலை, இல்லாத மெட்டை உண்டாக்கித் தருவது வேறொரு வேலை. இரண்டுக்கும் ஒரே பேட்டா என்பதை நான் ஏற்கமாட்டேன்.

ஃபேர்லேண்ட்ஸ்: அப்படியானால் வாயசைத்த அந்தப் பெண்களும் குற்றவாளிகளா?

இல்லை. அவர்களும் கூலிக்கு வந்தவர்களே. முடிவெடுத்தவர்கள் தயாரிப்பாளர்களும் நிறுவனங்களும்தான். ஸெல்மா டேவிஸ் நன்றாகப் பாடக்கூடியவர். அந்தக் குழுவின் வேறு பாடல்களில் அவருடைய சொந்தக் குரலே இருக்கிறது. பெண்கள் இருவரை மோதவிட்டு வேடிக்கை பார்ப்பதை இந்த விவாதத்தில் யாரும் செய்ய வேண்டாம்.

ஆத்தூர் (மறுபடியும்): பழைய பாடலிலிருந்து குரலை வெட்டி எடுத்தால் கூலிப் பிரச்சினையே இல்லையே?

அதற்கும் வழக்கு வந்தது. 1989-இல் பிளாக் பாக்ஸின் பாடல் ஒன்று பிரிட்டனில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. அதன் குரல், அமெரிக்கப் பாடகி லொலீட்டா ஹாலோவே 1980-இல் பாடிய பாடலிலிருந்து வெட்டப்பட்டது. தகராறு எழுந்ததும், ஹெதர் ஸ்மால் என்ற பாடகியைப் பாடவைத்து இன்னொரு வடிவத்தை வெளியிட வேண்டியதாயிற்று. இந்த விவாதத்தை இத்துடன் நிறுத்திவிட்டு மற்றவர்களின் கேள்விகளுக்குப் போகிறேன்.

மேட்டூர்: நம் நாட்டுச் சட்டத்தில் கோரஸ் பாடுவோருக்கு என்ன உரிமை?

பதிப்புரிமைச் சட்டத்தில் பாடகர்களை உள்ளடக்கிய நிகழ்த்துநர் உரிமை 1994-இல் சேர்க்கப்பட்டு, 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வலுப்பெற்றது. உரிமையின் காலம் 50 ஆண்டுகள். 38ஏ பிரிவின்படி, படத்தில் பாடச் சம்மதம் எழுதிக் கொடுத்த பிறகும், வணிகப் பயன்பாட்டுக்கு ராயல்டி பெறும் உரிமை பாடகருக்கு உண்டு. 38பி பிரிவு, இது நான் பாடியது என்று உரிமை கோரவும், குரலைச் சிதைத்துப் பெயருக்குக் களங்கம் விளைவிப்பதைத் தடுக்கவும் வழி தருகிறது.

கோரஸ் பாடுவோர் கவனமாகப் படிக்க வேண்டியது, நிகழ்த்துநர் யார் என்று வரையறுக்கும் இடத்தில் உள்ள விலக்கு. திரைப்படத்தில் ஒருவருடைய பங்கு தற்செயலானதாக அல்லது துணையானதாக இருந்து, தொழில் வழக்கப்படி அவர் பெயர் டைட்டில் உட்பட எங்குமே குறிப்பிடப்படுவதில்லை என்றால், சிதைவைத் தடுக்கும் உரிமை ஒன்றைத் தவிர மற்றவற்றுக்கு அவர் நிகழ்த்துநராகவே கருதப்படமாட்டார். பெயர் விட்டுப்போனால் ராயல்டி கேட்கும் வாசலே அடைபடக்கூடும். பெயரை எழுத்தில் வாங்குங்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான், புகழுக்காக அன்று. உரிமையை எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கொள்கிறது. ஆகவே "உலகம் முழுவதும், நிரந்தரமாக" என்ற சொற்களைப் பார்த்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வழக்கறிஞரைப் பாருங்கள். பாடகர்களுக்காக 2013-இல் பதிவான இஸ்ரா என்ற உரிமைச் சங்கம், இப்போது இசாம்ரா என்ற பெயரில் ராயல்டி வசூலிக்கிறது, உறுப்பினராகச் சேருங்கள்.

ஓமலூர்: சென்னையில் வாய்ப்பு எப்படிக் கிடைக்கும் அக்கா?

சூரமங்கலத்துக்கு எழுதிய பதிலைப் படியுங்கள்.

ஏற்காடு, கோடை விழா மேடையில் கோரஸ் பாடுபவர்: மலையில் மாலையானதும் குரல் இறுகிவிடுகிறது. என்ன செய்யலாம்?

1,500 மீட்டர் உயரத்தில் மே மாதத்திலும் மாலைக் காற்று குளிர்ந்துவிடும். சேலத்து வெயிலிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்த உடனே மேடையில் நின்றால் குரல் இறுகாமல் என்ன செய்யும்? மதியமே மேலே போய்விடுங்கள். கழுத்தை மூடிக்கொண்டு, உதடுகளை அதிரவிட்டும் முனகலாகவும் கீழ் ஸ்தாயியில் தொடங்கி, வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் குரலைத் தயார் செய்யுங்கள். மேடையில் உங்கள் குரல் உங்களுக்குக் கேட்கும்படி மானிட்டர் வைக்கச் சொல்லி வற்புறுத்துங்கள். ஆடி மாதத்தில் கோட்டை மாரியம்மன் திருவிழாவை ஒட்டி அடுத்தடுத்துக் கச்சேரி பாடுவோருக்கும் இதையே சொல்வேன்: தன் குரல் கேட்காதபோதுதான் கத்திப் பாடித் தொண்டையைக் கெடுத்துக்கொள்கிறோம்.

தாரமங்கலம்: ஒரு மாதமாகக் குரல் கரகரப்பாகவே இருக்கிறது. மிளகும் தேனும் போதுமா?

போதாது. மூன்று வாரத்துக்கு மேல் கரகரப்பு நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவர் குரல்நாணைப் பார்க்க வேண்டும். இந்த வாரமே போய்வாருங்கள்.

வாழப்பாடி: சென்னை வாய்ப்புக்கு யாரைப் பார்க்க வேண்டும்?

இரண்டு முறை பதில் சொல்லியாயிற்று.

செவ்வாய்ப்பேட்டை: ஒரு நிறுவனம் நல்ல தொகை தருகிறது. பாடல் இல்லை, தனித்தனி ஸ்வரங்களையும் சொற்களையும் பல மணி நேரம் பாடித் தரச் சொல்கிறார்கள். போகலாமா?

எதற்காக என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்காமல் போகாதீர்கள். இசைத்துணை இல்லாமல் தனியாகப் பதிவான குரலைத்தான் எளிதாக வெட்டி எந்தத் தாளத்திலும் ஒட்டலாம். கணினிக்கு உங்கள் குரலைக் கற்றுக்கொடுக்கவும் அதுவே தேவை. அப்படிக் கற்றுக்கொண்ட கணினி, நீங்கள் பாடாத பாடல்களையும் உங்கள் குரலில் பாடும். ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்கள் தெளிவாக இருக்க வேண்டும்: எந்த வெளியீட்டுக்கு, எவ்வளவு காலத்துக்கு, செயற்கைக் குரல் உருவாக்கப் பயன்படுத்தலாமா கூடாதா. மூன்றாவதற்கு அவர்கள் பதில் சொல்ல மறுத்தால், தொகை எவ்வளவு பெரியதாக இருந்தாலும் மறுத்துவிடுங்கள். ஒப்பந்தத்தின் படத்தை எனக்கு அனுப்ப வேண்டாம். சேலம் நீதிமன்ற வளாகத்தில் பதிப்புரிமை வழக்கு நடத்தும் வழக்கறிஞரை விசாரித்து அவரிடம் காட்டுங்கள்.