கேளுங்க, சொல்றேன்: புரோட்டீன் எவ்ளோ, கார்ப் எவ்ளோ?

கேள்வி: எனக்கு 32 வயசு, 170 செ.மீ. உயரம், 80 கிலோ எடை. நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து வேலை. புரோட்டீன் அதிகமா, கார்ப் (சோறு, இட்லில இருக்கற மாவுச்சத்து) கம்மியா சாப்பிட்டா தொப்பை குறையும்னு எல்லாரும் சொல்றாங்க மேடம், ஆனா எவ்ளோ அதிகம், எவ்ளோ கம்மின்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்குறாங்க. கொஞ்சம் கணக்கா சொல்லுங்க.

பதில்: கணக்கு கேட்டீங்க பாருங்க, அதுக்கே உங்களுக்கு ஒரு கும்பிடு. எனக்கு வர்ற கடிதத்துல முக்காவாசி "எதை சாப்பிடக்கூடாது"ன்னு மட்டும்தான் கேக்குது.

முதல்ல கலோரி, ஏன்னா அது குறையாம வேற எதை மாத்தினாலும் கொழுப்பு அசையாது. சும்மா படுத்திருந்தா கூட உடம்பு எவ்ளோ எரிக்கும்னு பாக்க 1990ல வந்த மிஃப்லின் செயின்ட் ஜியோர் ஃபார்முலா இருக்கு: எடைய 10ஆல பெருக்குங்க, உயரத்தை 6.25ஆல பெருக்குங்க, ரெண்டையும் கூட்டி அதுல வயசை 5ஆல பெருக்கி கழிங்க, அப்புறம் ஆம்பளைன்னா 5 கூட்டணும், பொம்பளைன்னா 161 கழிக்கணும். நீங்க ஆம்பளைன்னு எடுத்துக்கிட்டா 1,700 சொச்சம் வருது, உக்காந்த வேலைக்கான நடமாட்டத்தையும் சேர்த்தா 2,200 கிட்ட. அதுல 400 குறைச்சு 1,800ல ஆரம்பிங்க. இது ஒரு அனுமானம்தான், மூணு வாரம் எடையப் பாத்துட்டு ஏத்தி இறக்கிக்கலாம்.

அடுத்து புரோட்டீன். ஒரு கிலோ எடைக்கு 0.8 கிராம் போதும்னு படிச்சிருப்பீங்க, அது பற்றாக்குறை வராம இருக்கறதுக்கான அளவு, எடை குறைக்கிறவங்களுக்கு 1.2ல இருந்து 1.6 வரைக்கும் வேணும், எக்சர்சைஸும் பண்றதா இருந்தா 1.6 வச்சுக்கலாம். உங்களுக்கு 130 கிராம். ஒரு கிராமுக்கு 4 கலோரி, ஆக 520. கார்ப் 100 கிராம்னு வைங்க, அதுவும் கிராமுக்கு 4, ஆக 400. மிச்சம் 880 கலோரி கொழுப்புல இருந்து, அது கிராமுக்கு 9, அதனால 98 கிராம். கார்ப் கம்மின்ன உடனே 20 கிராமுக்கு இறங்கிடாதீங்க, அது கார்ப கிட்டத்தட்ட அடியோட விடற கீட்டோ டயட், அது வேற கதை. ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் கீழ போனாலே லோ கார்ப்தான்.

சரி, அந்த 130 கிராம் புரோட்டீன் எங்கிருந்து வரும்? மூணு முட்டைல 18, வெந்த சிக்கன் பிரெஸ்ட் 150 கிராம்ல 45, கூடவே மீன் அதே அளவுல 33 கிட்ட, தயிர் கால் கிலோல 9, வெந்த பருப்பு 150 கிராம்ல 13. கூட்டினா 118 வந்தாச்சு, மீதி 12 காய், நட்ஸ்ல தானா வந்துரும். பருப்பும் தயிரும் சேர்ந்து 40 கிராம் கார்ப் எடுத்துக்கும், அதனால காய்கறிக்கு இடம் விட்டுட்டு பாத்தா ஒரு நாளைக்கு ஒரு வேளை, 100 கிராம் வெந்த சோறு தாராளமா உள்ள வரும், அதுல 28 கிராம் கார்ப்தான். ஒரு முக்கியமான விஷயம், எடை போடும்போது பச்சையா வெந்ததான்னு பாத்து போடுங்க, சிக்கன் வேகும்போது தண்ணி போயி எடை குறையும், அரிசி தண்ணி குடிச்சு மூணு மடங்காயிடும். கணக்கு இங்கதான் எல்லாருக்கும் இடிக்குது.

புரோட்டீன் ஏன்னா, பசி அடங்கும், அப்புறம் அதை செரிக்கறதுக்கே அதோட கலோரில 20ல இருந்து 30 சதவீதம் செலவாயிடும், கார்புக்கு அது 5 - 10தான். ஆனா நிஜமான காரணம் தசை. 2016ல கனடாவுல இளம் ஆம்பளைங்கள வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, நாலு வாரம் கலோரிய 40 சதவீதம் வெட்டி கடுமையா எக்சர்சைஸ் பண்ண வச்சாங்க. கிலோவுக்கு 2.4 கிராம் புரோட்டீன் சாப்பிட்டவங்களுக்கு 4.8 கிலோ கொழுப்பு போச்சு, கொழுப்பில்லாத எடை 1.2 கிலோ ஏறிச்சு. 1.2 கிராம் சாப்பிட்டவங்களுக்கு 3.5 கிலோ கொழுப்பு போச்சு, கொழுப்பில்லாத எடை கிட்டத்தட்ட அப்படியே நின்னுச்சு. அந்த கடுமையான எக்சர்சைஸ மறந்துட்டு சிக்கன மட்டும் ஞாபகம் வச்சுக்காதீங்க. வாரத்துல ரெண்டு மூணு நாளாவது வெயிட் தூக்குங்க.

கேள்வி: நான் முட்டை கூட தொடமாட்டேன். புரோட்டீனுக்காக தினமும் ரெண்டு கை நிறைய வேர்க்கடலையும் பாதாமும் சாப்பிடறேன். எடை ஏறுதே, ஏன்?

பதில்: அம்மா, நீங்க சாப்பிடறது கொழுப்பு, கூடவே கொஞ்சம் புரோட்டீனும் வருது, அவ்ளோதான். 100 கிராம் வேர்க்கடலைல புரோட்டீன் 25 கிராம், கொழுப்பு 49 கிராம், கலோரி 560க்கு மேல. பாதாமும் அதே கதைதான். நட்ஸ ஒரு சின்ன கைப்பிடியோட நிறுத்திக்கோங்க. சோயா சங்க்ஸ் (மீல் மேக்கர்) காஞ்சது 100 கிராம்ல 50 கிராம் கிட்ட புரோட்டீன், கொழுப்பு கிட்டத்தட்ட இல்ல, அதனால தினமும் 50 கிராம் ஊறப்போட்டா 25 கிராம் கைல. டோஃபு (சோயா பன்னீர்), தண்ணி வடிச்ச கெட்டித் தயிர், பருப்பு, வேணும்னா வே பவுடர் (பால்ல இருந்து எடுக்கற புரோட்டீன் பொடி) ஒரு ஸ்கூப். பருப்புல புரோட்டீன விட கார்ப் ரெண்டு மடங்கு, அதனால சைவத்துல ரொம்ப கடுமையான லோ கார்ப் போனா சாப்பிட ஒண்ணும் மிஞ்சாது. உங்களுக்கு 130, 150 கிராம் கார்பே போதும், எதுக்கு அவஸ்தை?

கேள்வி: முதல் வாரம் 3 கிலோ இறங்கிச்சு, அடுத்த ரெண்டு வாரமா முள்ளு நகரவே இல்ல. உடம்பு பழகிடுச்சா?

பதில்: அந்த 3 கிலோல பெரும்பகுதி தண்ணி. உடம்பு கார்ப கிளைகோஜனா தசையிலயும் ஈரல்லயும் சேமிச்சு வைக்கும், மொத்தம் அரை கிலோ கிட்ட, ஒவ்வொரு கிராமோடயும் மூணு கிராம் தண்ணி ஒட்டிக்கிட்டு இருக்கும். கார்ப குறைச்ச உடனே ரெண்டும் சேர்ந்து 2 கிலோ வரைக்கும் வெளிய போகுது. ஒரு கல்யாண சாப்பாட்டுல அதே 2 கிலோ ராத்திரியோட ராத்திரியா திரும்பி வர்றதும் இதனாலதான். வாரம் அரை கிலோ குறைஞ்சாலே நல்ல வேகம், அதை தண்ணி ஏத்த இறக்கம் மறைச்சிடும், அதனால இடுப்ப டேப்ல அளங்க. எடையும் இடுப்பும் நிஜமாவே நகரலன்னா எண்ணெய்ய அளந்து ஊத்துங்க. ஒரு டேபிள் ஸ்பூன் 120 கலோரி, சமைக்கும்போது அது யார் கண்ணுக்கும் தெரியறதில்ல.

கேள்வி: நான் லோ கார்ப், வீட்டுக்காரர் லோ ஃபேட். யார் ஜெயிப்போம்னு பந்தயம்.

பதில்: ஸ்டான்ஃபோர்டுல 609 பேரை வச்சு ஒரு வருஷம் இந்த பந்தயத்தை ஓட்டிப் பாத்து 2018ல ரிசல்ட் சொல்லிட்டாங்க. லோ கார்ப் 6 கிலோ, லோ ஃபேட் 5.3 கிலோ, சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்ல. ஆளுக்கு ஆள்தான் பெரிய வித்தியாசம். யாரு எதை அலுக்காம ஒரு வருஷம் சாப்பிடுவாங்கன்னு பாருங்க, பந்தயப் பணத்தை பொதுவா வச்சுக்கோங்க.

கேள்வி: ராத்திரி ஏழு மணிக்கு மேல கார்ப் சாப்பிட்டா அப்படியே கொழுப்பாயிடுமாமே?

பதில்: இல்ல.

கேள்வி: அப்பாவுக்கு 61 வயசு, சுகருக்கு மாத்திரை போடறார், கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டற கழிவு) ரத்தத்துல கொஞ்சம் ஜாஸ்தி. அவரும் இந்த டயட் ஆரம்பிக்கலாமா?

பதில்: டாக்டரக் கேக்காம ஒரு வாய் கூட மாத்தாதீங்க. கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கிட்டு கார்ப திடீர்னு வெட்டினா சுகர் ரொம்ப இறங்கி மயக்கம் வரும், டோஸ டாக்டர் முன்னாடியே குறைக்க வேண்டியிருக்கும். பேரு 'ஃப்ளோசின்'னு முடியற மாத்திரைன்னா இன்னும் கவனம், அதோட கீட்டோ அளவுக்குப் போனா சுகர் நார்மலா காட்டும்போதே ரத்தம் அமிலமாகிற ஆபத்து இருக்கு. கிரியாட்டினின் ஏறியிருக்கறதால மேல சொன்ன 1.6 கணக்கு அவருக்கு செல்லாது, சிறுநீரக டாக்டர் அவருக்குன்னு ஒரு அளவு சொல்வார். மாத்திரை அட்டையும் கடைசி ரிப்போர்ட்டும் எடுத்துட்டுப் போங்க.