பிள்ளைகள் நலம், அம்மாவுக்குத்தான் முடியவில்லை

கேள்வி: எனக்கு இப்போது ஐந்தாவது மாதம். ஏற்கெனவே நாலு வயதில் ஒன்று, இரண்டு வயதில் ஒன்று. இரண்டும் நோய்நொடி இல்லாமல் ஓடியாடுகின்றன. அசதி என்று வாயைத் திறந்தாலே, “இப்படிப் பிள்ளைகள் அமைய நீ கொடுத்து வைத்திருக்க வேண்டும்” என்கிறார்கள் வீட்டில். நான் நன்றிகெட்டவளா?

பதில்: இல்லை. பிள்ளைகளின் ஆரோக்கியம் உங்களுக்கு நிறைவைத் தரலாம், ரத்தத்தில் இரும்பைத் தராது. கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடும். அதில் நீர்ப்பகுதி வேகமாகவும் சிவப்பணுக்கள் மெதுவாகவும் பெருகுவதால் ஹீமோகுளோபின் இறங்கும். இளையவருக்கு ஒன்றரை வயது தாண்டியதுமே அடுத்தது தரித்திருக்கிறது. போன பிரசவத்தில் கரைந்த இரும்பின் இருப்பு நிரம்புவதற்குள் அடுத்த செலவு தொடங்கிவிட்டது. இதை ‘எல்லாருக்கும் வருகிற அசதி’ என்று தள்ளாமல் சோதித்துப் பாருங்கள்.

ஹீமோகுளோபினுடன் ஃபெரிட்டின் (உடலில் உள்ள இரும்பின் இருப்பைக் காட்டுவது), தைராய்டு (டிஎஸ்ஹெச்), வைட்டமின் பி12 அளவுகளையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இந்த மாதத்தில் ஹீமோகுளோபின் 10.5 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. அது சரியாக இருந்தும் ஃபெரிட்டின் 30க்குக் கீழே இருந்தால் இருப்பு காலி என்று பொருள். அசதிக்கு அதுவே போதும்.

இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தும் பலருக்கு அளவு ஏறாது. பெரும்பாலும் காரணம், காபி, டீ, பால், கால்சியம் மாத்திரை இவற்றோடு சேர்த்து விழுங்குவதுதான். இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். வெறும் வயிற்றில் போட்டால் நன்றாகச் சேரும். குமட்டினால் இரவில் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போடலாம், போடாமல் விடுவதைவிட அது மேல். மலம் கறுப்பாகப் போவது மாத்திரையின் நிறம்தான். மூன்று நாலு வாரத்தில் ஹீமோகுளோபின் 1 கிராம் அளவுக்காவது ஏறவில்லை என்றால், அதே மாத்திரையை இழுத்துக்கொண்டே போகாமல் மருத்துவரிடம் திரும்பப் போங்கள்.

அடுத்து, தூக்குவது. இரண்டு வயதுப் பிள்ளை ஏறத்தாழ 12 கிலோ. தூக்கவே கூடாது என்பதில்லை. இடுப்பை வளைத்துக் குனிந்து, அப்படியே திரும்பி, ஒரு பக்க இடுப்பில் வைக்கும் பழக்கம்தான் வம்பு. மூட்டுகள் தளர்ந்திருக்கும் நேரத்தில் ஒரே பக்கம் பாரம் ஏறினால் அடிவயிற்று எலும்பிலும் இடுப்பிலும் வலி பிடித்துக்கொள்ளும். நீங்கள் உட்காருங்கள், பிள்ளை மடியில் ஏறட்டும். குளிப்பாட்டும்போதும் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

பகலில் இருபது நிமிடம் படுக்க ஒரு வழி: டாக்டர் விளையாட்டு. நோயாளி நீங்கள். ஊசி போடும் டாக்டர்கள் இரண்டு பேரும் மும்முரமாக இருப்பார்கள். கதவைத் தாழிட்டு, தரையில் படுக்கை போட்டு, சூடான பொருட்களை அப்புறப்படுத்திய பிறகே படுங்கள், கண் அயர்ந்துவிடும்.

வீட்டாரிடம் “முடியவில்லை” என்றால் அறிவுரைதான் வரும். “இரவு எட்டிலிருந்து ஒன்பது வரை இரண்டு பேரையும் தூங்க வைப்பது உங்கள் வேலை” என்று நேரத்தோடு கேளுங்கள். நன்றியை எழுத நோட்டுப் புத்தகம் வாங்கச் சொல்லும் ஆலோசனையை இப்போதைக்கு ஒதுக்கலாம், அதுவும் ஒரு வீட்டுப்பாடமாகிவிடும். நகம் வெட்டும்போதோ தலை துவட்டும்போதோ அன்று கண்ணில் பட்ட ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் போதும்: இருமல் இல்லாமல் தூங்கிய இரவு, தானாகப் போட்டுக்கொண்ட செருப்பு. “எல்லாம் நல்லபடியாக இருக்கிறது” என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிக்கொள்வது மனதில் தங்காது.

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, கடும் தலைவலி, பார்வை மங்கல், முகவீக்கம், ரத்தப்போக்கு இருந்தாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: மூத்த பிள்ளைகளிடமிருந்து வயிற்றுப் பிள்ளைக்கு எதுவும் தொற்றுமா? அவர்களுக்குத் தடுப்பூசி போடலாமா?

பதில்: சாதாரணச் சளிக்குப் பயப்பட வேண்டாம். கவனிக்க வேண்டியது சைட்டோமெகலோ வைரஸ். உங்களுக்குத் தொற்றினால் வயிற்றுப் பிள்ளைக்கும் போகக்கூடியது அது. பிள்ளை நன்றாகவே இருக்கும், எச்சிலிலும் சிறுநீரிலும் வைரஸ் வரும். அதனால் டயபர் மாற்றியதும், மூக்கு துடைத்ததும் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவுங்கள். அவர்கள் தட்டில் மிச்சம் வைத்ததைச் சாப்பிடாதீர்கள் (அம்மாக்களுக்கு இதுதான் கஷ்டம்). முத்தத்தை நெற்றியில் கொடுங்கள்.

எம்எம்ஆர் (தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா), சின்னம்மைத் தடுப்பூசிகளைக் கர்ப்பத்தில் உங்களுக்குப் போடக் கூடாது. பிள்ளைகளுக்கு உரிய தேதியில் தாராளமாகப் போடலாம். உங்களுக்கு இதுவரை சின்னம்மை வந்ததில்லை, தடுப்பூசியும் போட்டதில்லை, வீட்டில் ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டது என்றால் கொப்புளம் வருகிறதா என்று காத்திராமல் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: பிள்ளைகள் சிரித்தாலும் எனக்குள் ஒன்றும் தோன்றுவதில்லை. விடியற்காலை விழித்தால் பிறகு தூக்கம் இல்லை. இதுவும் அசதிதானா?

பதில்: அசதி என்றால் ஓய்வெடுத்ததும் கொஞ்சமாவது தெளியும். நீங்கள் சொல்வது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் கர்ப்பகால மனச்சோர்வாக இருக்கலாம். குழந்தை பிறந்த பிறகுதான் வரும் என்பதில்லை. எடின்பரோ அளவுகோல் என்று பத்துக் கேள்விகள் கொண்ட தாள் ஒன்று உண்டு, நிரப்பச் சில நிமிடங்களே ஆகும். அடுத்த பரிசோதனையின்போது அதைக் கேட்டு வாங்கி நிரப்புங்கள். பேச்சுவழிச் சிகிச்சை உண்டு. தேவைப்பட்டால் கர்ப்பத்திலும் கொடுக்கக்கூடிய மருந்துகளும் உண்டு. ஏற்கெனவே மருந்து சாப்பிடுபவராக இருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் பரிசோதனைத் தேதி வரை காத்திருக்க வேண்டாம். கூட இருப்பவரிடம் உடனே சொல்லி, அவரையும் அழைத்துக்கொண்டு அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.