வெளிநாட்டு டிக்கெட்டுக்குத் தவணை கிடையாது என்றால் யாருக்கு நஷ்டம்?

கேள்வி: 2021-இல் அர்ஜென்டினாவில், வெளிநாட்டு விமான டிக்கெட்டைக் கிரெடிட் கார்டில் தவணை போட்டு வாங்கக் கூடாது என்று தடை விதித்தார்களாமே? கடன் கொடுப்பது வங்கி, கட்டப்போவது வாடிக்கையாளர். நடுவில் அரசுக்கு என்ன வேலை?

பதில்: உண்மைதான். நவம்பர் 25 அன்று அந்நாட்டு மத்திய வங்கி அறிவித்தது. மறுநாளே நடைமுறைக்கு வந்துவிட்டது. டிக்கெட் மட்டுமல்ல, வெளிநாட்டு ஹோட்டல், வாடகைக் கார் எல்லாமே அதில் அடக்கம். விமான நிறுவனத்திடம் நேரடியாக வாங்கினாலும் டிராவல் ஏஜென்சி வழியாக வாங்கினாலும் ஒரே விதிதான். உள்நாட்டுப் பயணத்துக்குத் தவணை வழக்கம்போல இருந்தது.

மக்கள் கடனில் மூழ்கிவிடுவார்களே என்ற கவலையில் போட்ட தடை அல்ல இது. கவலையெல்லாம் டாலரைப் பற்றி. பன்னாட்டு நாணய நிதியத்துக்கு (IMF) மட்டும் சுமார் 4,400 கோடி டாலர் கடன் பாக்கி. மத்திய வங்கியின் கையிருப்போ கரைந்துகொண்டிருந்தது. சேமிப்புக்காக டாலர் வாங்கவே ஒருவருக்கு மாதம் 200 டாலர்தான் என்று உச்சவரம்பு இருந்த நேரம். அப்போது ஒருவர் தவணையில் டிக்கெட் வாங்கினால், அதற்கான டாலர் சீக்கிரமே நாட்டை விட்டுப் போய்விடும். வாங்கியவரோ உள்நாட்டுப் பணமான பெசோவை அடுத்த ஆண்டு வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்டிருப்பார். பயணத்தையே தடை செய்தால் ஊர் கொதிக்கும். தவணையை நிறுத்தினால் பாதிப் பேர் தாமாகவே பயணத்தைத் தள்ளிப்போடுவார்கள். அதுதான் கணக்கு.

கேள்வி: வட்டியில்லாத் தவணை அங்கே அவ்வளவு பெரிய லாபமா?

பதில்: சாதாரண லாபம் இல்லை. அந்த ஆண்டு அங்கே பணவீக்கம் 50.9 சதவீதம். 1,20,000 பெசோ டிக்கெட்டை வட்டியில்லாமல் 12 மாதத் தவணையில் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 10,000. முதல் தவணை கிட்டத்தட்ட முழு மதிப்பு. கடைசித் தவணை கட்டும்போது அதே 10,000 பெசோவுக்கு, வாங்கிய நாள் விலையில் 6,600 பெசோவுக்கான பொருள்தான் கிடைக்கும். பன்னிரண்டையும் கூட்டிப் பார்த்தால், நீங்கள் உண்மையில் கொடுத்தது ஏறக்குறைய 97,000 பெசோதான். சம்பளம் விலைவாசியோடு சேர்ந்து ஏறினால் மாதாமாதம் பாரம் குறைந்துகொண்டே வரும். வங்கியில் சேமித்து வைத்தால் கரையும் பணத்தை டிக்கெட்டாக மாற்றிவைப்பது புத்திசாலித்தனமாகவே இருந்தது.

இன்னொன்றும் உண்டு. அதிகாரபூர்வ விலையில் ஒரு டாலர் சுமார் 100 பெசோ. தெருவில், அதாவது கள்ளச் சந்தையில், 'ப்ளூ' டாலர் 200 பெசோ. வெளிநாட்டு டிக்கெட்டுக்கு 30 சதவீத வரியும், வருமான வரிக்கு முன்பணமாக 35 சதவீதப் பிடித்தமும் சேர்த்தாலும், டாலர் தெரு விலையைவிட மலிவாகவே விழுந்தது. மலிவான டாலர், அதற்கு மேல் வட்டியில்லாத் தவணை. யார்தான் விடுவார்கள்?

என் பார்வையில் தடையின் கோளாறே இதுதான். டாலருக்கு இரண்டு விலை இருந்ததுதான் நோய்; அதை விட்டுவிட்டுத் தவணையில் கை வைத்தார்கள். மொத்தமாகக் கட்ட முடிந்த பணக்காரர் அதே மலிவு டாலரில் பறந்தார். ஆண்டு முழுக்கக் கட்டி ஒரு முறை குடும்பத்தோடு போக நினைத்த நடுத்தரக் குடும்பம்தான் மாட்டியது. இது போதவில்லை என்பது அரசுக்கே தெரிந்தது. 2022 அக்டோபரில், கத்தார் கால்பந்து உலகக் கோப்பைக்குச் சற்று முன், மாதம் 300 டாலருக்கு மேல் கார்டில் வெளிநாட்டுச் செலவு செய்தால் இன்னொரு 25 சதவீதம் பிடித்தார்கள். மக்கள் அதற்கு வைத்த பெயர் 'கத்தார் டாலர்'.

கேள்வி: ஏற்கெனவே தவணையில் வாங்கியவர்கள் என்ன ஆனார்கள்? தடைக்குப் பிறகு வேறு வழியே இல்லையா?

பதில்: பழைய தவணைகளைத் தொடவில்லை, புதிதாக வாங்குவதற்குத்தான் தடை. அதன் பிறகும் கார்டில் ஒரே தவணையாக வாங்க முடிந்தது. பில் வரும்போது ஒரு பகுதியைக் கட்டிவிட்டு மீதியை வட்டியோடு தள்ளவோ, தனிநபர் கடன் எடுக்கவோ முடிந்தது. ஆனால் மேலே சொன்ன லாபமே வட்டி இல்லாததால் வந்தது. வட்டி சேர்ந்ததும் அதில் பெரும்பங்கு போய்விடும். டிக்கெட் விலையை மட்டும் பார்க்காமல், கடைசி வரை கட்டப்போகும் மொத்தத் தொகையைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய இடம் இது.

அப்புறம் அந்த 35 சதவீதம். வருமான வரி வரம்புக்குள் வராதவர்கள் அதைத் திரும்பக் கேட்டு வரித்துறைக்கு விண்ணப்பிக்க முடிந்தது. ஆனால் பணம் உடனே வரவில்லை. வந்தபோதும் பிடித்த அதே பெசோ எண்ணிக்கைதான் வந்தது. 50 சதவீதப் பணவீக்கத்தில் மாதக்கணக்கில் காத்திருந்தால் அதில் எவ்வளவு மிஞ்சும் என்பதை மேலே உள்ள தவணைக் கணக்கை வைத்தே போட்டுப் பார்க்கலாம். இந்த முறை கரைவது உங்கள் பணம், லாபம் அரசுக்கு.