கடற்கரைப் பள்ளியில் காலநிலை மாற்றம்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

பாம்பன் பக்கத்துக் கடலோரப் பள்ளி ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாக அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் நடக்கும் மாற்றங்களைப் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது என்று ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்டவை இவை.

டீச்சர், பனிக்கரடி படம் காட்டினால் பிள்ளைகள் ரசிக்கிறார்கள். தங்களுக்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பதாக நினைப்பதில்லை. எங்கே தொடங்கலாம்? (புதிதாகச் சேர்ந்த ஆசிரியை, தொண்டி)

காற்றில் தொடங்குங்கள். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்ற நான்கு பெயர்களும் நம் பிள்ளைகள் வீட்டில் கேட்டு வளர்ந்தவை. அவற்றைக் கரும்பலகையில் எழுதி, எந்த மாதம் எது அடிக்கும், அப்போது என்ன மீன் படும் என்று கேட்பேன். வகுப்பில் வாயே திறக்காத பையன்தான் முதலில் எழுந்து பதில் சொல்வான்.

அப்புறம் அதே கேள்விகளைத் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதிவரச் சொல்வேன். ஒருமுறை ஒரு மாணவி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கடலில் முங்கிப் பாசி எடுத்த தன் பாட்டி சொன்னதை அப்படியே எழுதிவந்தாள்: "அப்பல்லாம் இறங்கினா சில்லுன்னு இருக்கும். இப்ப மத்தியானத்துல வெந்நி மாதிரி இருக்கு." அந்த வரியை வகுப்பில் வாசித்துவிட்டு, பக்கத்தில் ஓர் எண்ணை எழுதினேன். வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951 முதல் 2015 வரை சராசரியாக 1 டிகிரி செல்சியஸ் சூடாகியிருக்கிறது. பாட்டியின் நினைவு அளவீடு ஆகாது. பாட்டி உடம்பால் உணர்ந்தது அளவீட்டுக்குத் தெரியாது. இரண்டும் பலகையில் இருக்கட்டும்.

ஒரே ஒரு டிகிரிதானே என்று கேட்கிறார்கள் சார், டீச்சர் எல்லோரையும். என்ன சொல்வது? (எட்டாம் வகுப்பு ஆசிரியர், ராமநாதபுரம்)

உடம்புச் சூடு 37லிருந்து 38 ஆனால் பள்ளிக்கு வருவாயா என்று கேளுங்கள். அடுத்து நேராகப் 'பாரு'க்குப் போய்விடுங்கள். மீனவர்கள் பார் என்று சொல்லும் பவளப்பாறை, கல் அல்ல, உயிர். அந்தச் சின்ன உயிரியின் உடம்புக்குள் அதைவிடச் சின்னப் பாசி குடியிருக்கிறது. வெயிலை வாங்கிச் சமைத்துப் போடுவதும் அதுதான், நிறம் கொடுப்பதும் அதுதான். கோடையின் வழக்கமான உச்சத்தைவிடத் தண்ணீர் ஒரு டிகிரி கூடி, சில வாரம் அப்படியே நின்றால், பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிடும். வெளுத்துப்போகும். 1998, 2010, 2016 ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் இது பெரிய அளவில் நடந்தது.

வெளுப்பது வேறு, சாவது வேறு. இதை அழுத்திச் சொல்லுங்கள். சூடு தணிந்தால் பாசி திரும்பக் குடியேறும், பவளம் பிழைக்கும். நீடித்தால்தான் பட்டினியில் சாகும். அப்போது பாரில் ஒண்டியிருக்கும் மீன்களும் குறையும், பிள்ளைகளின் வீட்டு வருமானமும் குறையும்.

தனுஷ்கோடி அழிந்ததும், தீவுகள் மூழ்கியதும் காலநிலை மாற்றத்தால்தான் என்று சொல்லலாமா? (பயிற்சி ஆசிரியர், தூத்துக்குடி)

சொல்லாதீர்கள். இதைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்தது ஒரு புயல். நம் கடலில் புயல் எப்போதும் வந்திருக்கிறது. ஒற்றைப் புயலைக் காட்டி 'பார், காலநிலை மாற்றம்' என்றால், அடுத்த ஆண்டு புயல் வராதபோது பிள்ளை நம் பாடத்தையே நம்பாது.

மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் மூழ்கியதற்கு முக்கியக் காரணம், சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல ஆண்டுகள் பவளத்தை வெட்டி எடுத்தது. அலையைத் தடுத்து நின்ற சுவரை நாமே பெயர்த்தோம். கடல் மட்டம் ஏறுவது அந்தக் காயத்தின் மேல் விழும் இன்னோர் அடி.

நான் பலகையில் மூன்று கட்டம் போடுவேன்: சூட்டால் வந்தது, நாம் கைவைத்ததால் வந்தது, இரண்டும் சேர்ந்தது. கிணறு உப்பானது எந்தக் கட்டத்தில் வரும் என்று ஒரு மணி நேரம் சண்டை நடந்திருக்கிறது. மோட்டார் போட்டு அளவுக்கு மேல் இறைத்தாலும் உப்பாகும் இல்லையா? அப்படிச் சண்டை போடும் வகுப்பு எனக்குப் பிடிக்கும்.

கடல் மட்டம் ஏறுவதைக் காட்ட செலவில்லாத சோதனை உண்டா? (நடுநிலைப் பள்ளி ஆசிரியை, மண்டபம்)

கண்ணாடி மருந்து பாட்டிலில் மை கலந்த தண்ணீரை விளிம்புவரை நிரப்புங்கள். மூடியில் துளையிட்டு ஸ்ட்ரா செருகி, எம்சீல் வைத்து அடைத்து, நீர்மட்டத்தை ஸ்ட்ராவில் குறித்து வெயிலில் வையுங்கள். ஏறும். உள்ளே காற்றுக்குமிழி துளியும் இருக்கக் கூடாது. காற்று தண்ணீரைவிடப் பல மடங்கு விரியும், சோதனையே பொய்யாகிவிடும். 1971 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் உயர்ந்ததில் ஏறக்குறைய பாதி, இப்படி வெறுமனே சூட்டில் விரிந்ததால் வந்தது.

ரீச்சர், நாங்கள் மன்னாரில் படிப்பிக்கிறோம். உங்கள் பாடம் எங்களுக்கும் பொருந்துமா? (ஆசிரியை, இலங்கை)

அப்படியே பொருந்தும் அம்மா. காற்றின் பெயர்கள்கூட உங்களுக்கும் அவையேதானே, சோளகம் என்று எழுதுவீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஆவுளியா, அதாவது கடற்பசு, கடற்புல் மேயும்போது எல்லைக்கோடு பார்ப்பதில்லை. எங்கள் பிள்ளைகள் தாத்தாக்களிடம் கேட்டு எழுதியதை உங்களுக்கு அனுப்பிவைக்கிறேன், உங்கள் பக்கத்துத் தாத்தாக்கள் சொல்வதை அனுப்புங்கள். ஒரே கடலை இரு கரையில் நின்று பார்த்ததாகும்.

எங்கள் ஊரில் கடலே இல்லையே? (ஆசிரியர், பெரம்பலூர்)

பள்ளி வாசலில் ஒரு கொன்றை இருந்தால் போதும். அது பூக்கும் காலம் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறதா என்று பார்க்க, வாரம் ஒருமுறை மொட்டு, பூ, காய், இலை என்று குறித்துவரச் சொல்லுங்கள். சீசன்வாட்ச் திட்டத்தில் நாடு முழுக்க மாணவர்கள் இதைச் செய்கிறார்கள். ஓரிரு ஆண்டில் முடிவுக்கு வந்துவிட மட்டும் வேண்டாம்.

"நம்ம ஊரு மூழ்கிடுமா"ன்னு கேட்டு என் மகன் ராத்திரியில் தூங்க மாட்டேன் என்கிறான், டீச்சர். (ஒரு தாய், ராமேசுவரம்)

அவனிடம் பொய் சொல்ல வேண்டாம், பயமுறுத்தவும் வேண்டாம். வட இந்தியப் பெருங்கடல் 1993 முதல் 2017 வரை ஆண்டுக்குச் சுமார் 3.3 மில்லிமீட்டர் உயர்ந்தது. அந்த வேகத்தில் பத்து ஆண்டுக்கு இரண்டு விரல் அகலம். நாளைக் காலையில் ஊர் மூழ்காது. ஆனால் மட்டம் ஏற ஏற, புயல் நாளில் அலை இன்னும் உள்ளே வரும். அதையும் சொல்லுங்கள்.

பெரியவர்கள் சும்மா இல்லை என்பதும் அவனுக்குத் தெரியட்டும். தூத்துக்குடிக்கு எதிரே வான் தீவு கரைந்துபோகாமலிருக்கக் கடலுக்குள் செயற்கைப் பார் இறக்கியிருக்கிறார்கள். பாக் விரிகுடாவில் ஆவுளியாவுக்கென்றே 2022ல் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தார்கள்.

அப்புறம், அவன் கைக்கு ஒரு வேலை கொடுங்கள். என் வகுப்பில் ஒரு டிடிஎஸ் மீட்டர் இருக்கிறது, தண்ணீரில் உப்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்டும் கருவி. பயந்த பிள்ளையிடம்தான் முதலில் கொடுப்பேன். வீட்டுக் கிணற்றையும் பக்கத்துத் தெருக் கிணறு இரண்டையும் மாதம் ஒருமுறை அளந்து, தேதி போட்டு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். மழைக்குப் பின் எண் இறங்கியிருக்கும். அதை அவனே முதலில் பார்த்து ஓடிவந்து உங்களிடம் சொல்வான்.