பதில்: எழும்பூர் கிர்க்கில் குவிமாடம் எங்கே?

சென்னை எழும்பூரில் உள்ள புனித ஆண்ட்ரூஸ் கிர்க்குக்கு (கிர்க் என்றால் ஸ்காட்லாந்து வழக்கில் தேவாலயம்) போய் ஊசிக் கோபுரத்தை மட்டும் படம் எடுத்து வந்ததாகவும், ஆசிரியர் குவிமாட வரைபடம் கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தப்பு உங்களுடையதில்லை. முகப்பில் நின்றால் தூண் மண்டபமும் கோபுரமும் கண்ணை நிறைத்துவிடும், குவிமாடம் தாழ்வானது. உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள். வட்டக் கூடம், 16 கொரிந்தியத் தூண்கள் (உச்சியில் இலை வேலைப்பாடு கொண்டவை), மேலே குவிமாடத்தின் உட்புறத்தில் நட்சத்திரம் பதித்த நீல வானம்.

வட்ட வடிவத்துக்கு மூலம் லண்டனில். புனித மார்ட்டின் தேவாலயத்துக்குக் கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் கிப்ஸ் முதலில் போட்ட வட்டத் திட்டம் அங்கே நிராகரிக்கப்பட்டது. அவர் அதை 1728இல் அச்சிட்டு வைத்தார். ஸ்காட்லாந்து சபைக்காக எழும்பூர் கிர்க்கைக் கட்டிய பொறியாளர் மேஜர் டி ஹாவிலண்ட் அந்த வழியில் போனார். 1818இல் தொடங்கி 1821இல் முடித்தார்.

கட்டமைப்புதான் தலைப்பு என்றால் அடித்தளத்தை விட்டுவிடாதீர்கள், எனக்கு அதுதான் பிடித்த பகுதி. இளகிய மண் என்பதால், நம் ஊர் முறைப்படி வரிசையாகக் கிணறுகள் இறக்கி, அவற்றின் மேல் கட்டடத்தை நிறுத்தினார். குவிமாடத்தில் செங்கல்லோடு உள்ளீடற்ற மண்கூம்புகளையும் வைத்துப் பாரத்தைக் குறைத்தார். வெட்டுத்தோற்றம் (கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டினால் தெரியும் படம்) வரைந்தால் இவை இரண்டும் ஒரே தாளில் வந்துவிடும்.