ஹார்ட் வேக்ஸ் குளிரில் ஏன் உடைகிறது? வாசகியர் கேள்விகளும் பதில்களும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கை, கால் முடியை எடுக்க வீட்டிலேயே ஹார்ட் வேக்ஸ் போடுவதைப் பற்றியவை. ஹட்டனில் என் பார்லருக்கு வந்து நேரில் கேட்கக் கூச்சப்படும் விஷயங்களைக்கூட எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம். எல்லாப் பதிலுக்கும் அடிப்படை ஒன்றுதான்: வேக்ஸ் பிடிக்க வேண்டியது முடியை. தோலை அது பிடித்தால் எங்கோ பிழை நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

அக்கா, நான் கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்கிறேன். போர்டிங்கில் கூட இருக்கும் பிள்ளை, மணி மணியாக வரும் ஹார்ட் வேக்ஸை உருக்கி என் கையில் போட்டுவிட்டாள். நன்றாக வந்தது. பொங்கலுக்கு வீட்டுக்கு வந்து அதே பாக்கெட்டில் மிச்சம் இருந்ததைப் போட்டேன். இழுக்க இழுக்கத் துண்டு துண்டாக உடைகிறது. கை சிவந்ததுதான் மிச்சம். வேக்ஸ் பழுதாகிவிட்டதா?
– கொட்டகலை வாசகி

வேக்ஸ் பழுதாகவில்லை தங்கச்சி. குளிர்தான் காரணம்.

ஹார்ட் வேக்ஸில் இருப்பது பைன் மரப் பிசினிலிருந்து எடுக்கும் ரோசின் அல்லது செயற்கைப் பிசின், அதோடு தேன்மெழுகு போன்ற மெழுகுகள், கொஞ்சம் எண்ணெய். சூட்டில் இளகி முடியைச் சுற்றிக்கொள்ளும். ஆறும்போது இறுகி முடியைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் துணி வைக்காமல் இழுக்க முடிகிறது. இறுகிய பிறகும் உடையாமல் வளைந்துகொடுக்கும் ஒரு நேரம் உண்டு. அந்த நேரத்துக்குள் இழுத்துவிட வேண்டும். கொழும்பு அறையில் 30 பாகை செல்சியஸுக்குக் கிட்ட இருக்கும். அங்கே அந்த நேரம் தாராளமாகக் கிடைக்கும். தை மாதக் காலையில் கொட்டகலை லயத்து அறையில் கிடைக்காது. பாக்கெட்டில் போட்டிருக்கிறபடி காத்திருந்தால் வேக்ஸ் வளையும் கட்டத்தைத் தாண்டிக் கண்ணாடிபோல ஆகிவிடும். அதை இழுத்தால் வேக்ஸ் உடைவது மட்டுமில்லை, முடியும் வேரோடு வராமல் தோல் மட்டத்தில் அறுந்துபோகும். அறுந்த முடி மறுபடி வளரும்போது தோலுக்குள்ளேயே சுருண்டு, பருபோல வீங்கும்.

உடைகிறதே என்று பலர் வேக்ஸை இன்னும் சூடாக்குகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 60 பாகைச் சூடு சில நொடிகளில் தோலை வேகவைத்துவிடும். மாற்ற வேண்டியது அறையை. பகல் 12 மணிக்குப் பிறகு, வெயில் இருக்கும் நாளாகப் பார்த்து, கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டுப் போடுங்கள். கை குளிர்ந்திருந்தால் வெந்நீரில் பிழிந்த துணியால் ஒத்தி, ஈரமே இல்லாமல் துடைத்துவிடுங்கள். ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயைத் தேய்த்து, மேலே மினுமினுப்பு தெரியாதபடி டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். அந்த மெல்லிய படலம் வேக்ஸைத் தோலில் ஒட்டவிடாது.

பூசும் துண்டு சின்னதாக இருக்கட்டும்: இரண்டு விரல் அகலம், ஒரு விரல் நீளம். தடிப்பு 2 முதல் 3 மில்லிமீட்டர். ஓரங்களை மெல்லிசாக இழுத்துவிடாதீர்கள், முதலில் உடைவது அதுதான். பிடித்து இழுக்கிற முனையை இன்னும் கொஞ்சம் தடிப்பாக விடுங்கள். விரலால் தொட்டால் ஒட்டக்கூடாது. முனையைத் தூக்கினால் வளைய வேண்டும். அந்த நொடியில் மற்றக் கையால் தோலை இறுக்கிப் பிடித்து, முடி வளரும் திசைக்கு எதிராக, தோலை ஒட்டியபடியே ஒரே இழுப்பு. மேல்நோக்கித் தூக்கி இழுத்தால் தோலும் கூட வரும். இழுத்த கையோடு உள்ளங்கையை அந்த இடத்தில் வைத்து அழுத்துங்கள், எரிச்சல் அடங்கும்.

நேரம் தப்பி ஏற்கெனவே இறுகிவிட்டதா? சுரண்டாதீர்கள். அதன் மேலேயே அளவான சூட்டில் இன்னொரு படை வேக்ஸைப் பூசினால் கீழே உள்ளது இளகும், இரண்டும் சேர்ந்து வரும். ஒரே இடத்தில் இரண்டு தடவைக்கு மேல் போடக்கூடாது. மிஞ்சிய முடியைச் சின்ன இடுக்கியால் எடுங்கள். முடி அரை சென்டிமீட்டருக்குக் குறைந்திருந்தால் வேக்ஸுக்குப் பிடியே கிடைக்காது, இன்னும் ஒரு வாரம் பொறுங்கள்.

உருக்குவதற்கு வேக்ஸ் ஹீட்டர் நல்லது. இல்லாவிட்டால் தண்ணீர்ச் சட்டிக்குள் டின்னை வைத்து உருக்கலாம். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். மலையில் கொதிக்கும் தண்ணீருக்குச் சூடு குறைவு என்று நினைத்து ஏமாறாதீர்கள். அதுவும் தோலுக்குத் தாங்காது. தண்ணீர் கொதித்ததும் அடுப்பை நிறுத்திவிட்டு டின்னை உள்ளே வையுங்கள். உருகியதும் வெளியே எடுத்து, கித்துல் பாணியைப் போல கரண்டியிலிருந்து மெதுவாக விழும் பதத்துக்கு வரும்வரை கிண்டுங்கள். ஒவ்வொரு முறையும் மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு துளி வைத்துப் பார்த்த பிறகே பூசுங்கள். டின்னை நேராக விறகடுப்பிலோ கேஸ் அடுப்பிலோ வைக்கவே கூடாது. அந்த வேக்ஸ் தீப்பிடிக்கும்.

எங்கள் தோட்டத்துக்கு மேலே பைன் காடு இருக்கிறது. மரத்தைக் கீறிப் பிசின் எடுக்கிறார்கள். ஹார்ட் வேக்ஸும் பைன் பிசினில்தான் செய்வதாகச் சொல்கிறார்கள். தேன்மெழுகோடு உருக்கி நாமே செய்துகொள்ளலாமா? கடையில் விலை கட்டுப்படியாகவில்லை.
– பண்டாரவளை வாசகி

விலை எனக்கும் தெரியும் மகள். ஆனாலும் வேண்டாம். மரத்திலிருந்து வழியும் பிசினில் டர்பன்டைன் எண்ணெய் கலந்திருக்கிறது. காய்ச்சி வடித்து அந்த எண்ணெயைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் கட்டிதான் ரோசின். பச்சைப் பிசினை வீட்டில் உருக்கினால் ஆவி தீப்பிடிக்கும். தோலில் பட்டால் எரித்துக் கொப்புளம் போடவைக்கும். சுத்தப்படுத்திய ரோசின்கூடச் சிலருக்கு ஒவ்வாது. காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரால் உங்களுக்குச் சொறி வருமென்றால் கவனமாக இருங்கள், சில பிளாஸ்டர்களின் பசையிலும் ரோசின் உண்டு. கடை வேக்ஸாக இருந்தாலும் முழங்கைக்குக் கீழே சின்ன இடத்தில் போட்டு இரண்டு நாள் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

செலவு குறைய வேண்டுமென்றால் சீனி, எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் தண்ணீர் சேர்த்துக் காய்ச்சும் சீனிப் பாகு இருக்கிறது. பதம் கைவரப் பழக்கம் வேண்டும், சூடாக இருக்கும்போது வேக்ஸைவிட மோசமாகச் சுடும். நன்றாக ஆறவைத்துப் பாவித்தால் கைக்கும் காலுக்கும் போதுமானது.

வருகிற ஞாயிறு தம்பிக்குக் கல்யாணம். நான் கொழுந்து எடுக்கிறேன். சனிக்கிழமை இரவு கை, கால் இரண்டுக்கும் வேக்ஸ் போட்டுவிட்டு, திங்கட்கிழமை மலைக்குப் போகலாமா?
– மஸ்கெலியா வாசகி

கைக்குப் போடலாம். காலுக்கு இந்தத் தடவை வேண்டாம்.

வேக்ஸ் போட்டதும் முடி இருந்த ஒவ்வொரு துளையும் திறந்து கிடக்கும். ஓரிரு நாள் வியர்வை, உரசல், அழுக்கு எதுவும் அதில் படக்கூடாது. திங்கள் காலையில் நீங்கள் இறங்குவது பனி நனைந்த தேயிலைக்குள். இடுப்பில் கட்டும் படங்கு ஈரத்தோடு தொடையில் உரசிக்கொண்டே இருக்கும். கவ்வாத்து வெட்டிய வாது முழங்காலுக்குக் கீழே கீறும். அட்டை ஏறும், கடித்த இடத்தில் சொறியாமல் இருக்க யாரால் முடியும்? களைக்கு மருந்து அடித்த மலையாக இருந்தால் இன்னும் மோசம். இப்படிக் கால் முழுக்கச் சீழ்ப் பருக்களோடு என்னிடம் வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பருவைவிட, அதனால் வேலைக்குப் போகாமல் இழந்த பேர், அதாவது நாள் சம்பளம்தான் அவர்களுக்குப் பெரிய கஷ்டம். கல்யாணத்துக்குச் சேலைதானே கட்டப்போகிறீர்கள், கால் தெரியாது. இரண்டு நாள் சேர்ந்தாற்போல லீவு கிடைக்கும்போது காலுக்குப் போடுங்கள்.

கைக்கு வெள்ளிக்கிழமை பின்னேரம் வேலை முடிந்து வந்து, கழுவி, உலர்ந்த பிறகு போடுங்கள். துவைத்த முழுக்கைப் பருத்திச் சட்டையோடு சனிக்கிழமை மலைக்குப் போங்கள். ஞாயிறு காலைக்குள் சிவப்பு பெரும்பாலும் இறங்கியிருக்கும். அதுவரை வெந்நீர்க் குளியல், வாசனைச் சவர்க்காரம், பவுடர் எதுவும் வேண்டாம். மஞ்சளும் சந்தனமும் நல்லவைதான், ஆனால் வேக்ஸ் போட்ட தோலில் இரண்டு நாள் கழித்துத்தான். கற்றாழை பூசுவதென்றால் வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலைக் கழுவிவிட்டு நடுவில் உள்ள சோற்றை மட்டும் எடுங்கள். அந்த மஞ்சள் பால் அரிக்கும்.

என் மகளுக்கு 16 வயது. மேலுதட்டிலும் தாடையிலும் முடி வளர்கிறது. பள்ளிக்கூடத்தில் கேலி செய்கிறார்களாம், அழுகிறாள். வேக்ஸ் போட்டுவிடலாம் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். அவள் சில மாதங்களாக டவுனில் வாங்கிய, முகத்தை வெளுக்க வைக்கும் ஒரு கிரீமும் பூசுகிறாள்.
– தலவாக்கலையிலிருந்து ஒரு தாய்

அம்மா, அந்த முகத்தில் இப்போது வேக்ஸ் வைக்கவே கூடாது. முகத்தை வெளுக்க வைப்பதாகச் சொல்லி, சரியான லேபிள் இல்லாமல் விற்கும் கிரீம்களில் ஸ்டீராய்டு மருந்தோ பாதரசமோ கலந்திருப்பது உண்டு. ஸ்டீராய்டு நாள்பட்டால் தோலை மெல்லிசாக்கிவிடும். அதன்மேல் வேக்ஸ் போட்டு இழுத்தால் மேல்தோல் உரிந்து வரும். நம்முடைய நிறத்துக்கு அந்தக் காயம் ஆறினாலும் கறுப்புத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். பாதரசம் சிறுநீரகத்துக்கே கேடு. கிரீமை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டி, எப்படி நிறுத்துவது என்று கேளுங்கள். ஸ்டீராய்டைத் திடீரென்று விட்டால் முகம் சிவந்து பொங்குவதுண்டு, அதனால்தான் கேட்கச் சொல்கிறேன். பருவுக்கு அடாபலீன், ட்ரெட்டினோயின் கிரீம் பூசுபவர்களும் அந்த இடத்தில் வேக்ஸ் போடக்கூடாது. ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை குடித்தவர்கள் அதை நிறுத்தி 6 மாதம் பொறுக்க வேண்டும்.

இன்னொன்று. மேலுதட்டில் மெல்லிய பூனைமுடி இருப்பது எந்தப் பெண்ணுக்கும் இயற்கை. தாடையில் தடித்த முடி வருகிறது, மாதவிடாயும் ஒழுங்கில்லை, பருவும் அதிகம் என்றால் அது ஹோர்மோன் காரணமாக இருக்கலாம். சினைப்பையில் நீர்க்கட்டி என்று சொல்கிறோமே, அந்தப் பிரச்சினை. தோட்டத்துக்கு வரும் மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொன்னால் எந்தக் கிளினிக்குக்குப் போவது என்று சொல்வார். அரசாங்க ஆஸ்பத்திரியில் வி.ஓ.ஜி. டாக்டரை, அதாவது பெண் நோய், பிரசவ நிபுணரைப் பார்க்கக் காசு தேவையில்லை. காரணம் அதுவானால் வேரைப் பிடுங்கிக்கொண்டே இருப்பதில் பயனில்லை, உள்ளே மருத்துவம் வேண்டும்.

அதுவரைக்கும் சின்னக் கத்தரிக்கோலால் ஒட்ட வெட்டிவிடுங்கள். வெட்டினால் தடித்து வளரும் என்பது உண்மையில்லை. தோல் தேறிய பிறகு நூல் போட்டு எடுக்கலாம். வகுப்பு டீச்சரிடமும் போய்ப் பேசுங்கள் அம்மா. கேலி செய்தவர்களைக் கண்டிக்காமல் பிள்ளையின் முகத்தை மட்டும் திருத்தப் பார்த்தால், குற்றம் தன் உடம்பில்தான் என்று அவள் நம்பிவிடுவாள்.

எனக்கு இது ஒன்பதாவது மாதம். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் கீழ்ப்பகுதி முடியை வேக்ஸில் எடுத்துவிட வேண்டுமா? மாமியார் எடுத்தே ஆகவேண்டும் என்கிறார்.
– ராகலை வாசகி

தேவையில்லை. பிரசவத்துக்கு முன் வழக்கமாக முடி எடுப்பதை உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைப்பதில்லை. இந்த நேரத்தில் அங்கே இரத்த ஓட்டம் கூடியிருக்கும், வலியும் கூடும், எட்டிப் பார்த்துச் செய்யவும் உங்களால் முடியாது. நீளமாக இருந்தால் கணவரையோ அக்காவையோ கொண்டு கத்தரிக்கோலால் வெட்டிக்கொள்ளுங்கள். கிளினிக்குக்குப் போகும்போது மாமியாரையும் கூட்டிப்போங்கள், மிட்வைஃப் வாயால் கேட்டால் ஏற்றுக்கொள்வார்.

சூடான வேக்ஸ் தொடையில் கொட்டிவிட்டது. பற்பசை பூசினேன். இப்போது நீர் கோத்திருக்கிறது. என்ன செய்வது?
– பதுளை வாசகி

கொப்புளத்தை உடைக்காதீர்கள். பற்பசையைச் சுத்தமான தண்ணீரை ஊற்றி மெதுவாகக் கழுவிவிட்டு, ஒட்டாத சுத்தமான துணியால் தளர்வாக மூடி, தோட்ட ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். கொப்புளம் உங்கள் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, உங்களுக்குச் சீனி வருத்தம் இருந்தாலோ நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: வேக்ஸ் சுட்டால் ஒட்டியிருப்பதைப் பிய்க்காமல், உடனே பீலித் தண்ணீரையோ குழாய்த் தண்ணீரையோ 20 நிமிடம் அந்த இடத்தில் ஓடவிடுங்கள். ஐஸ் வேண்டாம். நம்முடைய தண்ணீர் குளிர்ந்தது என்பதால் உடம்பின் மற்றப் பகுதியைக் கம்பளியால் போர்த்திக்கொள்ளுங்கள். கொப்புளமோ புண்ணோ இல்லையென்றால், சூடு முழுக்க அடங்கிய பிறகு தேங்காய் எண்ணெய் தடவினால் மிஞ்சிய வேக்ஸ் தானாகக் கழன்று வரும். கொப்புளம் இருந்தால் வேக்ஸை ஆஸ்பத்திரியிலேயே எடுக்கவிடுங்கள்.