காமா நைஃப் செய்தால் காது நரம்புக் கட்டி போய்விடுமா?

போகாது. அப்பாவுக்கு 2 செ.மீ. கட்டி, கதிர்வீச்சு கொடுத்தால் கரைந்துவிடும் என்று சொந்தக்காரர்கள் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். காமா நைஃப் என்கிற அந்தக் கதிர்வீச்சு சிகிச்சை கட்டியை எடுப்பதில்லை, மேற்கொண்டு வளராமல் நிறுத்துகிறது. இது மனசில் பதியாததால் நாங்கள் பட்ட பாடு கொஞ்சம் அல்ல.

என் அம்மாவுக்கு இடது காது. அல்சூர் வீட்டில் குக்கர் விசிலடித்தால், பக்கத்து வீட்டுக் குக்கர் என்று நினைத்துப் பேசாமல் உட்கார்ந்திருப்பார். ஒரு காது மட்டும் மந்தமானால் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே தெரியாது. வயசாகிறது என்று விட்டுவிட்டோம். போனை அவர் வலது காதுக்கு மாற்றி ரொம்ப நாளாகியிருந்தது, அதையும் யாரும் கவனிக்கவில்லை. கடைசியில் எம்.ஆர்.ஐ.யில் 1.8 செ.மீ. வெஸ்டிபுலர் ஷ்வானோமா, அதாவது இதே காது நரம்புக் கட்டி, என்று வந்தது.

இது புற்றுநோய் அல்ல. உடம்பின் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் நரம்பின் உறையிலிருந்து மெதுவாக வளரும் கட்டி. அதை ஒட்டியே கேட்கும் நரம்பும் முகத்தை அசைக்கும் நரம்பும் போகின்றன. ஆபரேஷன் என்றதும் முகம் கோணிவிடுமோ என்று எல்லாரும் பயப்படுவது அதனால்தான்.

காமா நைஃபில் கத்தியே கிடையாது. ஏறக்குறைய 200 மெல்லிய கோபால்ட் கதிர்கள் பல திசைகளிலிருந்து வந்து கட்டியில் ஒன்றுசேரும். தனித்தனியாக ஒவ்வொன்றும் பலவீனமானது, சேருமிடத்தில்தான் வேலை நடக்கிறது. அம்மாவுக்கு ஒரே தடவையில் 12 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கொடுத்தார்கள். தலை அசையாமலிருக்க, மரத்துப்போக ஊசி போட்டு, நாலு திருகில் ஒரு சட்டத்தை மாட்டினார்கள். அதுதான் கஷ்டம், மற்றபடி வலி இல்லை என்றார். மறுநாள் காலை நெற்றியில் இரண்டு பிளாஸ்டர், நடுவே விபூதியோடு வீட்டுக்கு வந்தார்.

ஆறு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் 'கட்டி சற்றுப் பெரிதாகியுள்ளது' என்று இருந்தது. அன்று அம்மா சாப்பிடவே இல்லை. டாக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கட்டியின் நடுப்பகுதி கறுத்திருப்பதைக் காட்டினார், கதிர் வேலை செய்வதன் அடையாளம் அது என்றார். கதிர் பட்ட கட்டி முதலில் கொஞ்சம் வீங்குவது உண்டாம். அடுத்தடுத்த ஸ்கேன்களிலும் வளர்ந்துகொண்டே போனால்தான் கவலை. அம்மாவுக்கு இரண்டாம் வருடம் பழைய அளவுக்கு வந்தது, இப்போது நாலு வருடமாக அப்படியே நிற்கிறது.

அம்மாவுக்கு ஏற்கெனவே போய்விட்ட கேட்கும் திறன் திரும்பவில்லை. மிச்சமிருப்பதும் வருடக் கணக்கில் குறையலாம், இதை அப்பாவிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். சில வாரம் தள்ளாட்டம் இருந்தது, சமநிலைப் பயிற்சியில் சரியானது.

பொதுவாக 3 செ.மீ.க்குள் இருந்தால் இந்தச் சிகிச்சையைப் பற்றி யோசிப்பார்கள். பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் கட்டி அடங்கிவிடுகிறது. மூளைத்தண்டை அழுத்தும் பெரிய கட்டி என்றால் ஆபரேஷன்தான். சின்னதாக, வளராமல் இருந்தால் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கவும் சொல்வார்கள். பிறகு ஆபரேஷன் தேவைப்பட்டால், கதிர் பட்ட கட்டியைப் பிரித்தெடுப்பது கடினமாகலாம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பெங்களூரில் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இந்த இயந்திரம் இருக்கிறது.

அப்புறம் ஒன்று. ஒவ்வொரு தடவையும் ரிப்போர்ட் தாளை மட்டும் கொண்டுபோகாமல், பழைய ஸ்கேன் சிடி எல்லாவற்றையும் எடுத்துப்போங்கள். பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எது வீக்கம், எது வளர்ச்சி என்று அவர்களால் சொல்ல முடியும்.